மாஸ்ட்ரிக்டியன்: குவாரியில் கிடைத்த ஒரு காலம்



'மாஸ்ட்ரிக்ட்' என்ற பெயரைக் கேட்டதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது 1992ஆம் ஆண்டு ஒப்பந்தம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளமான கையெழுத்துகள் நெதர்லாந்தின் அந்தச் சின்ன ஊரில்தான் போடப்பட்டன. ஒரு மதிப்பெண் கேள்விக்காக நானும் அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். அதே பெயரைப் பிறகு ஒரு நிலவியல் புத்தகத்தில், டைனோசர் படத்துக்குக் கீழே பார்த்ததும் குழம்பிவிட்டேன். ஒப்பந்தம் போட்ட ஊருக்கு டைனோசரோடு என்ன உறவு?

தேடிப் படித்ததில் ஒரு நல்ல கதை கிடைத்தது. அதில் ஒரு குன்று, ஒரு ராட்சத மண்டையோடு, ஒரு படையெடுப்பு, 600 பாட்டில் ஒயின், கடைசியாக நம்ம ஊர் அரியலூர் எல்லாம் வருகின்றன. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்!

முதலில், இது எந்தக் காலம்?

பூமியின் வயதை நிலவியலாளர்கள் பெரிய பிரிவுகளாகவும், அவற்றைச் சின்னச் சின்னப் பிரிவுகளாகவும் வகுத்திருக்கிறார்கள். டைனோசர்கள் வாழ்ந்த கடைசிப் பெரும் பிரிவு கிரெட்டேசியஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஓமாலியஸ் தாலுவா என்பவர் 1822இல் இந்தப் பெயரை வைத்தார். 'கிரெட்டா' என்றால் லத்தீன் மொழியில் சீமைச் சுண்ணாம்பு. அந்தக் காலத்துக் கடல்களில் படிந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் ஐரோப்பா முழுவதும் கிடப்பதால் அந்தப் பெயர்.

கிரெட்டேசியஸ் ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகள் நீண்டது. ஒரே பெயரில் அத்தனை காலத்தையும் பேச முடியாது என்பதால் அதை 12 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலான பகுதிகளுக்கு ஐரோப்பிய ஊர்களின், வட்டாரங்களின் பெயர்தான். பிரான்ஸின் தூர் நகரத்தால் டுரோனியன். பிராந்திக்குப் பேர்போன கோன்யாக் நகரத்தால் கோனியாசியன் (ஆமாம், அதே கோன்யாக்தான்!). இந்த வரிசையில் பன்னிரண்டாவது, கடைசிப் பகுதிதான் மாஸ்ட்ரிக்டியன். சுமார் 7 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அதாவது டைனோசர்களின் கடைசி 60 லட்சம் ஆண்டுகள்.

அறுத்தெடுக்கக்கூடிய கல்

மாஸ்ட்ரிக்ட் ஊர் மாஸ் நதிக்கரையில் இருக்கிறது. ஊருக்குத் தெற்கே செயின்ட் பீட்டர் குன்று. குன்று முழுவதும் மஞ்சள் கலந்த மென்மையான சுண்ணாம்புக்கல். உள்ளூர்க்காரர்கள் இதை 'மெர்கல்' என்கிறார்கள். இதன் சிறப்பு என்னவென்றால், உளியால் உடைக்க வேண்டியதில்லை; மரத்தை அறுப்பதுபோல ரம்பத்தால் அறுத்தே எடுத்துவிடலாம். பல நூற்றாண்டுகளாக ஆட்கள் குன்றுக்குள் புகுந்து, கல்லை அறுத்து வெளியே கொண்டுவந்து வீடும் தேவாலயமும் கட்டினார்கள். உள்ளே சுரங்கப் பாதைகள் வலைப்பின்னல்போல நீண்டன. இரண்டாம் உலகப் போரின்போது ரெம்பிராண்டின் புகழ்பெற்ற 'இரவுக் காவல்' ஓவியத்தைக்கூட இந்தக் குன்றுக்குள்தான் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தார்கள்.

அப்படிக் கல் அறுத்த தொழிலாளிகள் கண்ணில்தான் முதலில் பட்டது, அந்த மிருகம். 1760களில் பெரிய பற்களோடு ஒரு மண்டையோட்டின் பகுதி கிடைத்தது. அது பின்னர் 1784இல் ஹார்லெம் நகரின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அதைவிடச் சிறப்பான இன்னொன்று கிடைத்தது. நீண்ட தாடைகள், வரிசையாகக் கூரிய பற்கள். இதுதான் வரலாற்றில் இடம்பிடித்த மண்டையோடு.

600 பாட்டில் ஒயின்

பள்ளிக்கூடக் கதைபோல இது பல புத்தகங்களில் வரும். கதை இப்படி: மாஸ்ட்ரிக்டில் ஹாஃப்மன் என்ற ராணுவ மருத்துவர் இருந்தார். புதைபடிவங்களைச் சேகரிப்பதில் பைத்தியம். தொழிலாளிகள் தகவல் சொன்னதும் ஓடிப்போய், காசு கொடுத்து, மண்டையோட்டைக் கவனமாக வெளியே எடுத்தார். ஆனால் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் காடிங் என்ற பாதிரியார். அவர் வழக்குப் போட்டு, ஜெயித்து, மண்டையோட்டைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஊரைக் கைப்பற்றியது. மண்டையோட்டை ஒளித்து வைத்துவிட்டார்கள். கண்டுபிடிப்பவருக்கு 600 பாட்டில் ஒயின் பரிசு என்று பிரெஞ்சு அதிகாரி அறிவித்தார். மறுநாளே சிப்பாய்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள்!

சினிமாவுக்கு ஏற்ற கதை, இல்லையா? ஆனால் இதில் வில்லன் யார், நல்லவர் யார் என்பதை எழுதியவர் யார் என்று பாருங்கள். 1790களின் இறுதியில் இந்தக் குன்றைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய ஃபோஜாஸ் என்ற பிரெஞ்சு நிலவியலாளர். மண்டையோட்டை எடுத்துக்கொண்டு போன தரப்பைச் சேர்ந்தவர். பிற்கால ஆய்வாளர்கள் தேடிப் பார்த்ததில் ஹாஃப்மன், காடிங் வழக்கு நடந்ததற்கான ஆதாரம் எதுவும் அகப்படவில்லை. ஒயின் கதையையும் அவர்கள் நம்பவில்லை. காடிங் அதன் நியாயமான உரிமையாளர் என்றே தெரிகிறது. பாவம் ஹாஃப்மன், 1782லேயே இறந்துவிட்டார். பேராசைக்காரப் பாதிரியாரிடமிருந்து அறிவியலுக்காக மீட்டோம் என்று சொன்னால், கொள்ளை கொஞ்சம் கௌரவமாகத் தெரியும் அல்லவா! எப்படியோ, 1794க்குப் பிறகு அந்த மண்டையோடு பாரிஸ் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

முதலையா, திமிங்கிலமா?

அது என்ன மிருகம் என்பதில் பெரிய சண்டை. ஹாஃப்மன் முதலை என்று நினைத்தார். ஃபோஜாஸும் முதலை என்றே எழுதினார். புகழ்பெற்ற டச்சு உடற்கூறியலாளர் பெட்ருஸ் கம்பர் (நம்ம கம்பர் இல்லைங்க!) 1786இல் இது திமிங்கில வகை என்றார். அவருடைய மகன் ஆட்ரியான், அப்பா இறந்த பிறகு அதே எலும்புகளைத் திரும்பப் பார்த்தார். அவர் வேறு முடிவுக்கு வந்தார்: இது உடும்புக்கு உறவான ஒரு பல்லி, கடலில் வாழ்ந்த ராட்சதப் பல்லி. பாரிஸின் ஜார்ஜ் குவியே 1808இல் அதை உறுதி செய்தார்.

இது ஏன் முக்கியம்? அந்த நாட்களில் ஓர் உயிரினம் முழுவதுமாக அழிந்துபோகும் என்பதையே பலர் ஏற்கவில்லை. கடவுள் படைத்தது எப்படி இல்லாமல் போகும்? எங்கேயாவது தூர தேசத்தில் உயிரோடு இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். குவியே 1796லேயே யானை எலும்புகளை ஒப்பிட்டு, அழிந்துபோன இனங்கள் உண்டு என்று வாதாடியிருந்தார். 10 மீட்டருக்கும் மேல் நீளமான கடல் உடும்பு எங்கே ஒளிந்திருக்க முடியும்? மாஸ்ட்ரிக்ட் மண்டையோடு அவர் பக்கத்துக்குப் பெரிய சாட்சியாக நின்றது.

1822இல் ஆங்கிலேயர் கோனிபியர் அதற்கு 'மோசாசாரஸ்' என்று பெயரிட்டார். 'மாஸ் நதிப் பல்லி' என்று பொருள். 1829இல் மான்டெல் அதன் இனப் பெயரில் ஹாஃப்மனைச் சேர்த்தார். மண்டையோடு பாரிஸில், ஆனால் பெயரில் மாஸ்ட்ரிக்டின் நதியும் மருத்துவரும் நிலைத்துவிட்டார்கள்.

பெயர் ஓர் ஊரில், எல்லை வேறு ஊர்களில்

1849இல் பெல்ஜியத்தின் நிலவியல் வரைபடத்தைத் தயாரித்த ஆந்த்ரே டூமோன், மாஸ்ட்ரிக்ட் சுண்ணாம்புக்கல் படிந்த காலத்துக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று முடிவுசெய்து 'மாஸ்ட்ரிக்டியன்' என்றார். உலகம் முழுவதும் அந்தப் பெயர் பரவியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிற்காலத்தில் ஒவ்வொரு காலத்துக்கும் உலகுக்குப் பொதுவான ஓர் எல்லைக்கல் வேண்டும் என்று நிலவியலாளர்கள் முடிவெடுத்தார்கள். 'இந்த ஊரில், இந்தப் பாறையில், இந்த அடுக்கில் இந்தக் காலம் தொடங்குகிறது' என்று குறித்துவிடுவார்கள். மாஸ்ட்ரிக்ட் குன்றில் தெரிவது அந்தக் காலத்தின் பெரும்பாலும் பிற்பகுதி மட்டுமே. அதனால் தொடக்க எல்லை 2001இல் பிரான்ஸின் தெற்கே டெர்சி என்ற ஊரின் பழைய குவாரிக்குப் போய்விட்டது. முடிவு எல்லை, அதாவது அடுத்த காலத்தின் தொடக்கம், துனிசியாவின் எல் கெஃப் அருகே. பெயர் நெதர்லாந்தில், ஆரம்பம் பிரான்ஸில், முடிவு ஆப்பிரிக்காவில்!

அந்த 60 லட்சம் ஆண்டுகள்

நாம் படத்தில் பார்த்துப் பழகிய டைரனோசாரஸ் ரெக்ஸ், மூன்று கொம்பு ட்ரைசெராடாப்ஸ் இரண்டும் மாஸ்ட்ரிக்டியன் காலத்தின் பிற்பகுதியில் வட அமெரிக்காவில் வாழ்ந்தவை. சிறிய விமானம் அளவுக்கு இறக்கை விரித்த குவெட்சால்கோட்லஸ் வானத்தில் பறந்தது. கடலில் மோசாசாரஸ்கள், அம்மோனைட்டுகள். அம்மோனைட் என்றால் புரியாதவர்களுக்கு: சாளக்கிராமக் கல்லில் சக்கரம்போல ஒரு சுருள் தெரியும் பாருங்கள், அது அம்மோனைட் ஓட்டின் பதிவு. (சாளக்கிராமம் இதைவிடப் பழைய காலத்தது, ஆனால் அதே குடும்பம்.) இந்தியா அப்போது ஆசியாவோடு சேரவில்லை. மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, தனித் தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

மாஸ்ட்ரிக்டியனின் கடைசிச் சில லட்சம் ஆண்டுகளில் இன்றைய மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் பக்கம் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது. அதுதான் தக்காணப் பாறைகள். பிறகு ஒரு நாள் விண்கல் ஒன்று மெக்சிகோவின் யுகடான் கரையில் விழுந்தது. லூயி அல்வாரெஸ், மகன் வால்டர் அல்வாரெஸ் குழுவினர் இத்தாலியின் குப்பியோ ஊர்ப் பாறையில் இருந்த மெல்லிய களிமண் அடுக்கில் இரிடியம் அதிகமாக இருப்பதைக் கண்டு, 1980இல் விண்கல் கருத்தை வெளியிட்டார்கள். பூமியின் மேற்பரப்பில் அரிதான உலோகம் அது, விண்கற்களில் அதிகம். அதே ஆண்டில் நெதர்லாந்தின் யான் ஸ்மித் ஸ்பெயின் பாறையிலிருந்து அதே முடிவைச் சொன்னார். 1991இல் சிக்சுலுப் பள்ளம்தான் அந்த இடம் என்று உறுதியாகச் சொல்லப்பட்டது. எரிமலைக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் அதன் பிறகும் தொடர்ந்தது.

மாஸ்ட்ரிக்ட் பக்கத்திலேயே கேல்ஹெம் என்ற இடத்தில், பழைய கல் சுரங்கத்துக்குள் இந்தக் கால எல்லையைப் பார்க்கலாம். கல் அறுக்கப் போனவர்கள் தெரியாமலே ஓர் உலகத்தின் முடிவுக்குப் பக்கத்தில் ரம்பம் போட்டிருக்கிறார்கள்.

இனி நம்ம ஊர்

மாஸ்ட்ரிக்டியன் காலப் பாறை தமிழ்நாட்டில் இருக்கிறது. அரியலூர் பக்கம் போனவர்களுக்கு கல்லங்குறிச்சி தெரிந்திருக்கும். கலியுக வரதராசப் பெருமாள் கோயில் உள்ள ஊர். அந்த ஊரின் பெயரில்தான் அங்குள்ள சுண்ணாம்புக்கல் அடுக்கை நிலவியலாளர்கள் அழைக்கிறார்கள். கடல்சிப்பிகள் கட்டிகட்டியாகச் சேர்ந்து கல்லான அடுக்கு அது. மாஸ்ட்ரிக்டியன் காலத்தின் முற்பகுதியில் கடல் அங்கே இருந்தது. பின்னர் கடல் விலகியது. அதே காலத்தின் இறுதியில் ஆறுகள் கொண்டுவந்து போட்ட மண்ணும் மணலும்தான் கல்லமேடு அடுக்கு. அதில் டைனோசர் எலும்பு கிடைக்கிறது.

இதை நாம் இப்போதுதான் கண்டுபிடித்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கம் சேகரித்த சிப்பிகளை லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். அப்போது டூமோன் 'மாஸ்ட்ரிக்டியன்' என்ற பெயரையே வைத்திருக்கவில்லை! 1862இல் பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பிறகு வந்தவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றிப் பெரிய தொகுதிகளாக எழுதிக் குவித்தார். 1874இல் மத்திய ஆசியப் பயணம் போய்த் திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தபோது அவருக்கு வயது 36. லே நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அரியலூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கல்லமேட்டின் கதை இன்னும் வருத்தமானது. 1980களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் அங்கே கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'பேருடல் பல்லி' என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். அளவு சரியென்றால், நிலத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று. ஆனால் இன்று அந்த எலும்பு இல்லை. நொறுங்கும் தன்மை கொண்ட அது மழைக்காலத்தில் சிதைந்து அழிந்துவிட்டது. எலும்பே இல்லாததால், 'அது வெறும் கல்லான மரமாக இருக்கலாம்' என்று வெளிநாட்டில் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022இல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் பழைய புகைப்படங்களை வெளியிட்டு, அது எலும்புதான் என்று வாதாட வேண்டியிருந்தது. மோசாசாரஸ் மண்டையோட்டைப் படையோடு வந்து தூக்கிப் போனார்கள். நம்முடையது யாரும் திருடாமலே போய்விட்டது.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 2013இல் அதே கல்லமேட்டிலிருந்து ஒரே ஒரு சின்னப் பல் பற்றிய ஆய்வு வெளியானது. ட்ரூடான் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய ஊனுண்ணி டைனோசரின் பல் என்றார்கள். வடக்குக் கண்டங்களில் மட்டுமே இருந்ததாக நினைத்த குடும்பம், தனித் தீவான இந்தியாவில் எப்படி? ஒரு பல் இவ்வளவு பெரிய கேள்வி கேட்கிறது.

சிமென்ட்

இப்போது இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்ப்போம். மாஸ்ட்ரிக்டில் 1926இல் சிமென்ட் நிறுவனம் ஒன்று தொடங்கியது. ரம்பத்துக்குப் பதிலாக இயந்திரங்கள் வந்தன. ஒரு காலத்துக்கே பெயர் கொடுத்த குன்றின் பெரும் பகுதி சூளைக்குள் போய் சிமென்ட் ஆகிவிட்டது. 2018இல்தான் அங்கே வெட்டுவது நின்றது. பிறகு அந்தப் பள்ளம் இயற்கைப் பகுதியாக மாறியது.

அரியலூரும் சிமென்ட் ஊர்தான். சுண்ணாம்புக்கல் லாரிகளையும், சாலையோர மரங்களில் படிந்த வெள்ளைத் தூசியையும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். வெட்டப்படுவதில் கல்லங்குறிச்சி அடுக்கும் உண்டு. மாஸ்ட்ரிக்டியன் காலத்துச் சிப்பி உங்கள் வீட்டுச் சுவரிலோ, என் வீட்டு மொட்டை மாடியிலோ இருந்தால் ஆச்சரியமில்லை.

உடனே 'குவாரியை மூடு' என்று எழுதிவிடலாம். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. குவாரி இல்லையென்றால் மோசாசாரஸே கிடைத்திருக்காது. 1998இல் அதே சிமென்ட் குவாரியில் இன்னொரு பெரிய மோசாசாரின் எலும்புகள் கிடைத்து, மாஸ்ட்ரிக்ட் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2000இல் எல்லைக்கு அந்தப் பக்கம், பெல்ஜியக் குவாரி ஒன்றில், பொழுதுபோக்காகப் புதைபடிவம் சேகரிக்கும் ஒருவர் சில எலும்புத் துண்டுகளை எடுத்து வைத்தார். பல ஆண்டுகள் கழித்து அதை ஸ்கேன் செய்தபோது கல்லுக்குள் முழுப் பறவை மண்டையோடு! 2020இல் 'ஆஸ்டீரியார்னிஸ்' என்று பெயரிட்டார்கள். கோழிக்கும் வாத்துக்கும் மூதாதையர் வழியில் நெருங்கியது. விண்கல் விழுவதற்கு 10 லட்சம் ஆண்டுகளுக்கும் குறைவான காலத்துக்கு முன் வாழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நாம் சாப்பிடும் கோழியின் சொந்தக்காரர் மாஸ்ட்ரிக்டியன் கடற்கரையில் நடந்திருக்கிறார்!

ஆக, குவாரி வெட்டுகிறது, குவாரியே காட்டுகிறது. கல் சூளைக்குப் போகும் முன் அதைப் பார்க்க ஒருவர் அங்கே இருந்தாரா என்பதுதான் கேள்வி. மாஸ்ட்ரிக்டில் ராணுவ மருத்துவர் இருந்தார், பாதிரியார் இருந்தார், பொழுதுபோக்குச் சேகரிப்பாளர்கள் இருந்தார்கள், பொருளைப் பாதுகாத்து வைக்க அருங்காட்சியகங்கள் இருந்தன. அரியலூரிலும் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் வந்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அதில் வைக்க வேண்டிய 2 மீட்டர் எலும்பு மழையில் கரைந்துவிட்டதே.

முடிவாக...

கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு பழைய அந்தக் கோயிலின் ஒரு கல்லை யாராவது பெயர்த்தால் நாம் சும்மா இருக்கமாட்டோம். பக்கத்து ஊர்க் குவாரியில் 7 கோடி ஆண்டு பழைய சிப்பி கிடைத்தால் 'ஏதோ கிளிஞ்சல்' என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். அதன் பெயரும் நமக்குத் தெரியாது, அது இருந்த காலத்தின் பெயரும் தெரியாது. தெரிந்தால் ஒருவேளை குனிந்து எடுத்துப் பார்ப்போம், ஆசிரியரிடமோ அருங்காட்சியகத்திலோ காட்டுவோம்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. மாஸ்ட்ரிக்டியன். அடுத்த முறை அரியலூர் வழியாகப் போகும்போது இந்தப் பெயர் உங்களுக்கு நினைவுக்கு வந்தால் எனக்கு மகிழ்ச்சி.